மிஷின் மேசையில் உப்புத்தாள் வைக்கும் முன்

போன இதழில் பழைய கட்டில், அலமாரிகளைப் பற்றி எழுதினேன். பதிலுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தையல் மிஷின் மேசையைப் பற்றியவை. எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு முன் பெண்ணுக்குச் சீர் வரிசையோடு கால் மிஷினும் கொடுத்து அனுப்பிய வீடுகள் ஏராளம். அந்த மிஷின்கள்தான் இன்று திண்ணையிலும் மாடிப்படிக்குக் கீழும் துணி போர்த்திக் கிடக்கின்றன. நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் முப்பத்தெட்டு வருடமாக மர பாலிஷ் வேலை செய்கிறேன். என் அம்மா ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துத்தான் எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் மிஷின் மேசைக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அம்மாவின் சிங்கர் கால் மிஷின் பத்து வருடம் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. மேல் பலகையில் அங்கங்கே கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கிறது. முன் ஓரத்தில் மெல்லிய தகடாகப் பெயர்ந்து உடைந்துவிட்டது. ஊர் ஆசாரி "இழைத்துத் தள்ளிவிட்டு சன்மைக்கா ஒட்டிவிடலாம்" என்கிறார். செய்யலாமா அண்ணா?
ஓர் ஆசிரியை, பாலக்கோடு

வேண்டாம் அம்மா. ஆசாரியைக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் பலகை ஒரே மரத்தில் செய்ததில்லை. உள்ளே சாதாரண மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன் மேல் நல்ல மரத்தின் மெல்லிய ஏட்டைப் பதித்திருப்பார்கள். அதைத்தான் வெனீர் என்கிறோம். பழைய மேசைகளில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். இழைப்புளியை நாலு தடவை தள்ளினால் அம்மா கை வைத்த மரம் முழுவதும் சுருளாகத் தரையில் கிடக்கும்.

கொப்புளம் வந்த காரணத்தைத் தெரிந்துகொண்டால் வைத்தியமும் புரிந்துவிடும். அந்தக் காலத்தில் வெனீரை வச்சிரத்தால் ஒட்டினார்கள். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை அது. ஈரமும் சூடும் பட்டால் இளகும், ஆறிக் காய்ந்தால் இறுகும். கொட்டகையில் சாரல் அடித்து இளகியிருக்கிறது. இளகுகிற அதே குணத்தை வைத்தே திரும்பவும் ஒட்ட வைக்கலாம்.

முதலில் பலகையைக் கழற்றி, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். அவசரப்பட்டு வெயிலில் காயப் போட்டால் பலகை தட்டு மாதிரி குழிந்துவிடும், பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. காய்ந்ததும் விரல் நகத்தால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டியிருக்கிற இடம் கெட்டியாகக் கேட்கும். விட்ட இடம் காலிப் பெட்டி மாதிரி ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து இஸ்திரிப் பெட்டி. மிதமான சூடு போதும். பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, கொப்புளத்தின் மேல் விரித்து, பத்து விநாடி அழுத்தி எடுங்கள். தொட்டுப் பாருங்கள். வெனீர் வளைந்து கொடுக்கத் தொடங்கியிருந்தால் பசை இளகுகிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு முறை. அப்புறம் ஒரு பாலிதீன் தாளைப் போட்டு, அதன் மேல் சமமான பாரத்தை ஏற்றி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பாரத்துக்கு நம் மாவட்டங்களில் கஷ்டமே இல்லை. கிரானைட் பட்டறையில் ஓரம் வெட்டிப் போட்ட துண்டுகளைக் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு பக்கம் வழவழவென்று மட்டமாக இருக்கும். நான் முப்பது வருடமாக வைத்திருப்பது அதுதான். இஸ்திரி வைத்த இடத்தில் பாலிஷ் வெளுத்துப் போகும், பயப்படாதீர்கள், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

சில இடங்களில் பசை தூளாகிச் செத்திருக்கும், எத்தனை முறை இஸ்திரி வைத்தாலும் பிடிக்காது. அங்கே புது பிளேடால் மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே ஒரு கீறல் போட்டு, ஊசிக்குழாயால் புதுப் பசையை உள்ளே செலுத்தி அழுத்த வேண்டும். வெள்ளைப் பசை போட்டாலும் நிற்கும். நான் வச்சிரமே போடுகிறேன். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குவேன். கொதிக்க விட்டால் பிடிப்புப் போய்விடும், 60 டிகிரி போதும். நாளைக்கு உங்கள் பேத்தி காலத்தில் திரும்பவும் எழும்பினால், இதே இஸ்திரிப் பெட்டியால் இதே வேலையைச் செய்யலாம் என்பதுதான் வச்சிரத்தில் எனக்குப் பிடித்த விஷயம்.

உடைந்துபோன ஓரத்துக்கு ஒட்டு போட வேண்டும். சதுரமாக வெட்டி ஒட்டினால் அந்தக் கோடு கண்ணில் குத்திக்கொண்டே இருக்கும். படகு மாதிரி இரண்டு பக்கமும் கூராக, ரேகையோடு சேர்த்து வெட்டினால் தெரியாது. இப்போது கடையில் கிடைக்கும் வெனீர் பழையதைவிட மெல்லியது. பள்ளமாகத் தெரிந்தால் இரண்டு ஏடு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். ஒட்டிய புது மரம் வெளுப்பாக இருக்கும். பிளாக் டீயைக் கெட்டியாகப் போட்டுத் தடவிப் பாருங்கள், பாதி நிறம் வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஊசிக்கு இடது பக்கம், முன் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பாலிஷ் தேய்ந்து மரம் மினுமினுவென்று இருக்கிறதா பாருங்கள். துணியைப் பிடித்து ஓட்டும்போது அம்மாவின் இடது கை படிந்த இடம் அது. வருடக்கணக்கில் தைத்த மேசை ஒவ்வொன்றிலும் இருக்கும். என் அம்மா மேசையில் நாலு விரற்கடை அகலம். அந்த இடத்தில் உப்புத்தாளும் வேண்டாம், பள்ளம் நிரப்புகிற பட்டியும் வேண்டாம். அதன் மேல் தேன்மெழுகை மட்டும் மெல்லத் தேய்த்து விடுங்கள்.

கேள்வி: மேசையில் சூடான டம்ளர் வைத்து வெள்ளை வளையம் விழுந்திருக்கிறது. இன்னொரு இடத்தில் தாத்தாவின் பெரிய கத்தரிக்கோல் மழையில் நனைந்தபடியே கிடந்து, அதே வடிவத்தில் கறுப்பாக அச்சு விழுந்துவிட்டது. இரண்டும் போகுமா?
ஒரு வாசகர், அரூர்

இரண்டும் வேறு வேறு. வெள்ளை வளையம் பாலிஷுக்குள் புகுந்த ஈரம், மரத்தைத் தொடவில்லை. பஞ்சைத் துணியில் சுற்றி, அதில் பாலிஷ் ஸ்பிரிட் நாலைந்து சொட்டு மட்டும் விட்டு, உள்ளங்கையில் ஒருமுறை தட்டிக்கொண்டு, வளையத்தின் மேல் காற்று மாதிரி வீசி எடுங்கள். நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் துணி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நாலைந்து வீச்சில் மங்கிவிடும்.

கறுப்பு அச்சு மரத்துக்குள் இருக்கிறது. தேக்கு போன்ற மரங்களில் துவர்ப்புச் சத்து உண்டு. ஈரத்தோடு இரும்பு அதைத் தொட்டால் மை மாதிரி கறுத்துவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து எழுதும் மை செய்தது இதே கணக்கில்தான். எடுக்க வேண்டுமானால் ஆக்ஸாலிக் அமிலம். அந்த இடத்துப் பாலிஷை முதலில் ஸ்பிரிட்டால் எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் கரைத்து, பிரஷால் கறையின் மேல் மட்டும் தடவுங்கள். அரை மணியில் வெளுக்கும். பிறகு சுத்தமான தண்ணீர் தொட்ட துணியால் மூன்று முறை துடைக்க வேண்டும். இது விஷம். ரப்பர் கையுறை கட்டாயம், பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும், குழந்தைகள் கிட்டே வரக் கூடாது. காய்ந்தபின் அந்த இடத்தைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், மூக்கில் ஏறும்.

ஆனால் ஒரு வார்த்தை. தாத்தாவின் கத்தரிக்கோல் தன் வடிவத்தைத் தானே பதித்து வைத்திருக்கிறது. நானாக இருந்தால் டம்ளர் வளையத்தை எடுத்துவிட்டு அதைத் தொட மாட்டேன். வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் இன்னும் இதே மிஷினில்தான் தினமும் தைக்கிறேன். மிஷின் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி எண்ணெய் ஊறி மரம் கறுத்துவிட்டது. இரண்டு முறை வார்னிஷ் அடித்தும் உரிந்து வருகிறது.
ஒரு தையல்காரர், பர்கூர்

எண்ணெய் ஊறிய மரத்தில் வார்னிஷும் நிற்காது, பசையும் பிடிக்காது. முதலில் எண்ணெயை வெளியே இழுக்க வேண்டும். சாக் பவுடரை டர்பன்டைனில் குழைத்து இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, கறையின் மேல் அரை விரல் கனத்துக்கு அப்பி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் மாவு மஞ்சளாகியிருக்கும். தட்டி எடுத்துவிட்டு மறுபடி அப்புங்கள். நாலைந்து முறை செய்தால் மாவு வெள்ளையாகவே நிற்கும். அன்றைக்கு நிறுத்தலாம். தினமும் தைக்கிறவர் என்பதால் ராத்திரியில் அப்பி காலையில் எடுத்துவிட்டால் வேலை கெடாது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியில் கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், தீப்பிடிக்கிற பொருள்.

பிறகு அரக்குப் பாலிஷ் மெல்லியதாக இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு, கொடுங்கள். மிச்சம் மீதி எண்ணெயை உள்ளேயே அடைத்து வைக்கும் குணம் அதற்கு உண்டு.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். மிஷினுக்கு விடுவது மிஷின் எண்ணெய்தானே? அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாளடைவில் பிசினாகி மிதியே கனத்துவிடும். எண்ணெய் விட்டபின் அழுத்துக்காலுக்கு அடியில் ஒரு துண்டுத் துணியை வைத்து இரவு விடுங்கள். வழிவது துணிக்குப் போகும், மரத்துக்குப் போகாது.

கேள்வி: பெங்களூரிலிருந்து ஒருவர் இரும்புக் கால் மட்டும் போதும் என்று கேட்கிறார், வாஷ்பேசின் வைக்கப் போகிறாராம். பலகையை நான் மணல்தாள் மிஷின் போட்டு வெள்ளையாக்கி டீப்பாயாக மாற்றலாமா? முன் ஓரத்தில் ஏதோ அங்குலக் கோடுகள் இருக்கின்றன, அவையும் போய்விடும்தானே?
கல்லூரி மாணவர், தேன்கனிக்கோட்டை

தம்பி, அந்த "ஏதோ அங்குலக் கோடுகள்" போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

துணியை மேசை ஓரத்தில் வைத்தே அளந்துகொள்ளட்டும் என்று சில மேசைகளில் அளவுகோலைப் பதித்துக் கொடுத்தார்கள். எல்லா மேசையிலும் வராது. உங்கள் வீட்டில் எத்தனை பாவாடைக்கும் சட்டைக்கும் அந்தக் கோட்டில் அளவு பார்த்திருப்பார்கள்!

1989இல் எனக்கு இருபத்தி மூன்று வயது. ராயக்கோட்டையில் ஒரு வீட்டில் இதே மாதிரி ஒரு மேசை. புதிதாக மணல்தாள் மிஷின் வாங்கியிருந்தேன். கையால் இரண்டு நாள் எடுக்கிற வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று வைத்தேன். ஒரே இடத்தில் மூச்சு விடும் நேரம் நின்றிருக்கும். வெனீர் தேய்ந்து அடியில் இருந்த வெள்ளை மரம் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்துவிட்டது. அளவுகோலில் 7லிருந்து 11 வரை காணவில்லை. அந்த வீட்டுப் பாட்டி திட்டவில்லை. மிஷினுக்கு முன் உட்கார்ந்து, விரலால் 6 வரை தடவிக்கொண்டு வந்து, அங்கேயே நிறுத்திக்கொண்டார். நான் கூலி வாங்கவில்லை. அன்றிலிருந்து வெனீர் மேசையில் கரண்டு மிஷின் வைத்ததும் இல்லை.

உங்கள் பலகைக்குத் தேய்ப்பே தேவைப்படாது. பழைய பாலிஷ் என்ன வகை என்று முதலில் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்கு. அதற்கு இளகாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷோ பியு (பாலியூரித்தேன்) பூச்சோ இருக்கும். அரக்காக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஸ்பிரிட்டும் துணியுமே அழுக்கை எடுத்து, பழைய பாலிஷையே பரப்பிவிடும். கட்டாயம் தேய்க்க வேண்டிய இடம் இருந்தால் 320 நெம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, ரேகையோடு, கையால்.

காலைக் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். கொடுப்பதற்கு முன் மிஷின் மேல் இருக்கும் எண்ணைப் பாருங்கள். சிங்கராக இருந்து எண்ணுக்கு முன்னால் ஒய் என்றோ இ.ஏ. என்றோ எழுத்து இருந்தால், அது ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. 1980இல் மூடப்பட்ட ஆலை அது. அந்த எண்ணை வைத்து எந்த வருடம் செய்தது என்றே கண்டுபிடித்துவிடலாம். கப்பலேறி வந்து, மலையேறி உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த பொருளைக் காலையும் பலகையையும் பிரித்துவிட்டால் பிறகு சேர்க்கவே முடியாது. டீப்பாய்தான் வேண்டும் என்றால் மிஷினை உள்ளே மடக்கி வைத்து மூடி போட்டாலே டீப்பாய்தானே?

கேள்வி: உஷா மிஷின் மேசை. அப்பா எப்போதோ மேலே சன்மைக்கா ஒட்டிவிட்டார். எடுத்தால் உள்ளே இருப்பது கெடாமல் வருமா?
ஒரு வாசகி, ஓசூர்

ஒரு மூலையில் ஆரம்பித்துப் பார்த்தால்தான் தெரியும். இஸ்திரிப் பெட்டியைக் காய்ந்த துணியின் மேல் வைத்துச் சூடாக்கி, மெல்லிய பட்டித் தகட்டை ஓரத்தில் நுழையுங்கள். விரலளவு திறந்துகொண்டால் நகர்த்திக்கொண்டே போகலாம். மரத்தில் தங்கும் மஞ்சள் பசையைத் தின்னரால் துடைக்கலாம். இஸ்திரியின் ஒயரைப் பிடுங்கி, ஆற வைத்து, தூர வைத்த பிறகே தின்னர் டப்பாவைத் திறக்க வேண்டும், இதில் விளையாட்டே கூடாது. சன்மைக்காவோடு மரச் சிராயும் பெயர்ந்து வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அப்பா ஒட்டியது அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: மேசைக் காலடியில் தினமும் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. டிராயரும் இறுகிப் போய்விட்டது.
ஒரு வாசகர், ஊத்தங்கரை

தூள் கொட்டினால் உளு. கறையான் என்றால் மண்ணாக இருக்கும். குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தெரியும். மர மருந்தை ஊசிக்குழாயால் ஒவ்வோர் ஓட்டையிலும் விட்டு, டப்பாவில் சொன்ன நாள் கழித்து மெழுகால் அடைத்துவிடுங்கள். அதுவரை மற்ற மரச் சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். டிராயருக்கு மெழுகுவர்த்தி போதும், இரண்டு பக்க ஓட்டத்திலும் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: பாட்டிக்கு 81 வயது. தைப்பொங்கலுக்குத் தன் மிஷினில் எனக்குப் பாவாடை தைத்துத் தருவேன் என்கிறார். மேசை அழுக்கேறி நிறம் செத்துக் கிடக்கிறது, உடைசல் இல்லை. நானே பாலிஷ் போட முடியுமா மாமா? எவ்வளவு நாள் பிடிக்கும்?
பிளஸ் டூ மாணவி, காவேரிப்பட்டணம்

முடியும் கண்ணு. மழை நிற்கிற வரை ஆரம்பிக்காதே. ஈரக் காற்றில் அரக்குப் பாலிஷ் போட்டால் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும். கார்த்திகை முடியட்டும். மார்கழியில் பனி விலகி வெயில் ஏறியதும், பத்து மணிக்கு மேல் வேலையைத் தொடங்கு.

அரக்குச் செதில் 100 கிராம், ஸ்பிரிட் அரை லிட்டர். கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் வேட்டித் துணியில் வடிகட்டு. ஜார்க்கண்ட் பக்கம் புரச மரத்திலும் வேறு சில மரங்களிலும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின்தான் அரக்கு. வேண்டிய அளவு மட்டும் கரைத்துக்கொள். கரைத்து மாதக்கணக்கில் வைத்தது காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். பெயின்ட் கடையில் கரைத்தே விற்கிற பிரெஞ்ச் பாலிஷ் வாங்கினாலும் சரி, தயாரித்த தேதியைப் பார்த்து வாங்கு. ஸ்பிரிட் வாயில் படக் கூடாத விஷம், கண்ணுக்கும் ஆபத்து. அடுப்பு, ஊதுவத்தி, விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. ஜன்னலைத் திறந்து வை. அம்மாவையோ அப்பாவையோ கூட வைத்துக்கொண்டு செய்.

முதல் நாள் டர்பன்டைன் தொட்ட துணியால் அழுக்கை மட்டும் எடு. மறுநாள் பஞ்சைப் பழைய பனியன் துணியில் சுற்றி, எலுமிச்சம்பழ அளவுக்குப் பொட்டணமாகக் கட்டி, பாலிஷில் தொட்டு, ரேகையோடு ஒரே இழுப்பாக இழு. போன இடத்துக்கு உடனே திரும்பாதே. ஒரு மணி நேரம் விட்டு அடுத்த கை. ஒரு நாளைக்கு மூன்று கை, நாலு நாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மிக மெல்லிய உப்புத்தாளைக் காகிதம் தடவுவது போலத் தடவி, தூசியைத் துடைத்துவிட்டுத் தொடர். பொட்டணம் இழுபட்டால் ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விடு. அந்தத் துணியையும் வேலை முடிந்ததும் விரித்துத்தான் காயப் போட வேண்டும். சுருட்டி வைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

கடைசிக் கை போட்டபின் இரண்டு வாரம் எதுவும் வைக்காமல் விடு. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக நாள் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பார், மார்கழி முதல் வாரம் தொடங்கினால் பொங்கலுக்கு முன்னால் முடிந்துவிடும்.

பாலிஷ் போடும் முன் பாட்டியை ஒருமுறை மிஷின் முன் உட்கார வைத்து, இடது கை எங்கே படிகிறது என்று பார்த்துக்கொள். அந்த இடத்தில் மட்டும் ஒரே ஒரு கை பாலிஷ் போதும், கனமாக ஏற்றாதே. புதுப் பாலிஷின் வழுக்கலில் துணி நழுவினால் அவருக்குக் கை நிதானம் தப்பும். காபி டம்ளரைப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதில் வை.